அட்டைப்பெட்டி: குஜரிக் கடையா, குப்பை வண்டியா?

பெங்களூரு அல்சூருக்கு வீடு மாறி வந்தபோது முப்பதுக்கு மேல் அட்டைப்பெட்டிகள் மிஞ்சின. குப்பை வண்டி, குஜரிக் கடை, உரத்தொட்டி என மூன்று வழிகளிலும் தள்ளிப் பார்த்துவிட்டு இப்போது குஜரிக் கடையோடு நின்றுவிட்டேன். ஊரில் பழைய பேப்பர் கடை என்போமே, அதுதான்.

குப்பை வண்டி வாசலுக்கே வரும். 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ‘2 கூடை, 1 பை’ முறைப்படி பச்சைக் கூடை ஈரக்குப்பைக்கு, சிவப்புக் கூடை சானிட்டரி நாப்கின் வகையறாவுக்கு, பை உலர்குப்பைக்கு. அட்டை அந்தப் பைக்குள் போகும். சிக்கலும் அங்கேதான்: கழுவாத பால் கவர் ஒன்று பக்கத்தில் கசிந்தால் போதும்.

ஏனென்றால் அட்டைக்கு எமன் ஈரம். நடுவில் உள்ள நெளிவுத்தாளை ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச் பசை. நனைந்தால் விட்டுவிடும், கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காகித மில்லில் எப்படியும் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கத்தானே போகிறார்கள், அப்புறம் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன். “தண்ணிக்கும் சேத்து நான் காசு குடுக்கணுமா சார்?” என்றார். நியாயம்தான். அக்டோபர் மழையில் ஒரு ராத்திரி கேட் ஓரம் பெட்டிகளை விட்டது என் தப்பு. காலையில் கையோடு பிய்ந்து வந்தன.

கடைக்குக் கொடுத்தால் அட்டை அட்டையோடுதான் சேரும், காய்ந்தபடியே மில்லுக்குப் போகும். டேப்பை உரித்து, முகவரிச் சீட்டைக் கிழித்து, தட்டையாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டுகிறேன். ஸ்டேப்ளர் பின் ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை, மில்லில் பிரித்துவிடுவார்கள். பீட்சா பெட்டியில் எண்ணெய் படாத மூடி மட்டும் சேரும். எண்ணெய் நாரில் ஏறினால் கூழிலிருந்து பிரியாது. ஜூஸ் டப்பா அட்டை மாதிரி தெரிந்தாலும் உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் உண்டு, அது உலர்குப்பைப் பைக்கே.

காசுக்காகப் போகாதீர்கள். எனக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்கவில்லை, ஆட்டோ வைத்தால் நஷ்டம். ஒரு கட்டு சேரும்வரை கதவுக்குப் பின்னால் நிற்கும், கரப்பான் வரும். வீட்டுக்காரம்மா முறைப்பதும் உண்டு.

மூன்றாவது, பால்கனி உரத்தொட்டி. ஈரக்குப்பையோடு தேங்காய் நார்த்தூளுக்குப் பதில் கிழித்த அட்டையைப் போடலாம். வண்ண அச்சு இல்லாத பழுப்பு அட்டையைத்தான் போட்டேன். இரண்டே மாதம் செய்ததால் பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வாடை குறைந்தது உண்மை. ஆனால் அத்தனை பெட்டியையும் அந்தத் தொட்டி தின்று முடிக்காது.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பெட்டிதான் என்றால் வண்டியே போதும். பையில் திணிக்காமல், வண்டிச் சத்தம் கேட்ட பிறகு இறங்கிப்போய்க் கையில் கொடுங்கள்.