புகார் மனுவா, பாதுகாப்பு உத்தரவா?

பாம்பன், மண்டபம் பக்கம் கணவனின் அடி தாங்காமல் வெளியே வரும் பெண்ணுக்கு ஊரார் காட்டும் வழி பெரும்பாலும் மகளிர் காவல் நிலையம்தான். உயிருக்கு ஆபத்து என்றால் அதுவே சரி. 112-ஐ உடனே அழைக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவின்படி கணவனின் கொடுமைக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பலர் தயங்குவதே அந்தச் சிறையை நினைத்துத்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் ஏற்கெனவே அடுப்பு தடுமாறும் வீட்டில், கடலுக்குப் போகிறவன் உள்ளே போனால் வட்டியை யார் கட்டுவது?

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு மாதிரி. இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் மூலமோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அடிக்கக் கூடாது என்ற உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம். கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீட்டிலும் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்கள் அதைக் கேட்பதில்லை.

அந்த வீட்டிலேயே வாழ வேண்டியவளுக்கு பாதுகாப்பு உத்தரவையே சொல்வேன். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது என்பதை ஏனோ பலர் சொல்வதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும்.