கூத்து வீடியோக்களைச் சுருக்கி இணையத்தில் ஏற்றிய நான்கு வருட அனுபவம்

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றின் தளத்துக்கு நான்கு வருடமாக நான்தான் வீடியோ ஏற்றுகிறேன். கூத்துக்கு நடுவே விளம்பரம் வரக்கூடாது, சொந்தத் தளத்திலேயே ஓட வேண்டும் என்பது குழுவை நடத்தும் வாத்தியாரின் விருப்பம். அதனால் யூடியூப் தானாகப் பார்த்துக்கொள்ளும் வேலை முழுவதும் என் கையில்.

முதல் வீடியோவை ஐபோனில் எடுத்து அப்படியே ஏற்றினேன். என் போனில் அழகாக ஓடியது. இன்னொருவர் கணினியில் பாட்டு மட்டும் கேட்டது, படம் கறுப்பு. எம்ஓவி, எம்பி4 என்பவையெல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருந்தது ஹெச்இவிசி என்ற சுருக்கும் முறை, அந்தக் கணினிக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஹெச்.264-க்கு மாற்றித்தான் ஏற்றுகிறேன். 2003-இல் வந்த பழைய முறைதான், ஆனால் எந்த போனிலும் ஓடுகிறது.

அடுத்தது தரம். நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ சுருக்கும் மென்பொருள். அதில் ஹெச்.264-க்குச் சுருக்கித் தரும் என்கோடரான எக்ஸ்264-இல், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் என்ற எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். வழக்கமாகச் சொல்லும் 23 பகல் காட்சிக்குப் போதும். கூத்து நடப்பதோ ராத்திரி. போகஸ் லைட்டுக்குப் பின்னால் முழு இருட்டு. வேஷக்காரர் சுழன்று ஆடும்போது புஜகீர்த்தியில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மின்ன வேண்டும். 23-இல் அவை சாம்பல் கட்டங்களாக நொறுங்கின. இருட்டும் பட்டை பட்டையாகப் பிரிந்தது. 20-க்கு இறக்கி, சுருக்கும் வேகத்துக்கான பிரீசெட்டை ‘ஸ்லோ’வில் வைத்ததும் சரியானது, ஆனால் பத்து நிமிடக் காட்சி 210 எம்பி ஆகிவிட்டது. காரணம் இருட்டில் கேமரா தூவுகிற புள்ளிகள். அவையும் படம்தான் என்று எண்ணி என்கோடர் இடத்தைக் கொட்டுகிறது. அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸ் வடிகட்டியை லேசாகப் போட்டதும் 150-க்கு வந்தது. ரொம்பப் போட்டால் முகத்து அரிதாரம் மெழுகு போல ஆகிவிடும், ஜாக்கிரதை.

எடிட் செய்தபின் சலங்கைச் சத்தம் காலுக்குப் பின்னால் வந்த கதையும் உண்டு. போன்கள் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவதுதான் காரணம். எடிட்டுக்கு முன்பே வினாடிக்கு நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். கோப்பின் அட்டவணை முன்னுக்கு வந்துவிடும், சிக்னல் மந்தமான ஊரிலும் படம் சீக்கிரம் தொடங்கும். ஒலிக்கு ஏஏசி முறையில் வினாடிக்கு 128 கிலோபிட் வைக்கிறேன். அதற்குக் கீழே போனால் முகவீணை கரகரக்கிறது.

இன்னும் சிறிதாகச் சுருக்கும் புதிய முறையான ஏவி1-ஐயும் ஆசையாகப் பார்த்தேன். அதே காட்சி ஏறக்குறைய 90 எம்பி-க்கு அடங்கியது, கண்ணாடித் துண்டும் தெளிவாகவே இருந்தது. என் பழைய லேப்டாப் அதற்கு ராத்திரி முழுக்க ஓடியது, அது பரவாயில்லை. ஏவி1-ஐ முதலிலும் ஹெச்.264-ஐ இரண்டாவதாகவும் கொடுத்தால் முடியாத போன் தானாக இரண்டாவதற்குப் போகும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கான சிப் இல்லாத பழைய ஆண்ட்ராய்டு போனிலும் குரோம் ‘என்னால் முடியும்’ என்று ஏவி1-ஐ எடுத்துக்கொள்கிறது. மென்பொருளாலேயே பிரித்து ஓட்டுகிறது. போன் சுடுகிறது, படம் திக்குகிறது. எங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேரிடம் அப்படிப்பட்ட போன்தான். எனவே இப்போதைக்கு 720பி, ஹெச்.264 மட்டும்.

எதை மாற்றினாலும் சுழன்றாடும் அந்த முப்பது வினாடியை மட்டும் முதலில் சுருக்கி, வாத்தியாரின் போனில் வைஃபையை அணைத்து ஓட்டிப் பார்த்த பிறகே முழுக் கூத்தையும் என்கோடிங்கில் போடுகிறேன்.