அந்தமான் பேக்கேஜ்: வவுச்சரை நம்பி முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்

அந்தமான் போக பேக்கேஜ் தேடுகிறவர்கள், குறிப்பாகச் சென்னையில் உட்கார்ந்தபடி வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்துப் பணம் அனுப்பப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். போன ஏப்ரலில் குடும்பத்தோடு, அதுவும் எழுபதைத் தாண்டிய மாமியாரையும் அழைத்துக்கொண்டு போய் நாங்கள் பட்ட பாடு இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை.

போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொன்னார்கள்) அபர்தீன் பஜாருக்குப் பக்கத்தில் கடல் தெரியும் ஏசி ரூம், ஹேவ்லாக் தீவில் கடற்கரை ரிசார்ட், போக வரத் தனியார் கப்பல், நார்த் பே தீவில் வாட்டர் ஆக்டிவிட்டீஸ் உட்பட எல்லாம் சேர்த்து என்று எழுதியிருந்தார்கள். மற்ற இடங்களில் கேட்டதைவிட ஆளுக்கு நாலாயிரம் குறைவு. கிளம்பும் முன்பே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு முத்திரை குத்திய வவுச்சர் ஒன்றை அனுப்பினார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "அல்லது அதே தரத்தில் வேறு ஹோட்டல்" என்று ஒரு வரி. வித்தை எல்லாம் அந்த ஒரு வரியில்தான்.

விமான நிலையத்துக்கு வந்த டிரைவர் தமிழர், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வண்டி ஊருக்குள் போகாமல் கராச்சர்மா பக்கம் திரும்பியதும் கேட்டேன். "அண்ணே, எனக்கு இந்த அட்ரஸ்தான் அனுப்பிருக்காங்க" என்றார். இறங்கிய லாட்ஜ் மேட்டில், லிஃப்ட் கிடையாது, ரூம் இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சுற்றிலும் கடல் இருந்தாலும் இந்த ஊருக்குக் குடிநீர் முக்கியமாக தனிக்காரி அணையிலிருந்துதான் வரவேண்டும், கோடையில் அணை இறங்கிவிட்டால் சப்ளையும் குறைந்துவிடும். வசதியான ஹோட்டல்கள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிப்பார்கள், இந்த லாட்ஜில் காலையில் கொஞ்ச நேரம் குழாயில் வரும், அப்புறம் பக்கெட்தான். வவுச்சரில் போட்டிருந்த ஹோட்டலுக்கு நானே போன் போட்டுக் கேட்டேன், எங்கள் பெயரில் புக்கிங் எதுவும் வரவே இல்லையாம்.

சரி, ரூம்தானே என்று விட்டால் மறுநாள் கப்பல். டிக்கெட் கேட்டதற்கு அந்த ஊர் ஏஜென்ட் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மொத்த ஏற்பாடும் புரிந்தது. சென்னையில் விற்கிறவரிடம் அங்கே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. நம்மிடம் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை இந்த ஊர் ஏஜென்டுக்கு அனுப்பி மீதியைப் பாக்கி வைப்பார், இவர் பாக்கி வரும்வரை டிக்கெட் எடுக்க மாட்டார், நடுவில் பெட்டியோடு நிற்பது நாம். "உங்க ஆளுகிட்ட பேசுங்க சார்" என்கிறார் இவர், அவர் போனோ ஸ்விட்ச் ஆஃப். தனியார் கப்பலில் அன்றைக்கு இடமே இல்லை. கடைசியில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வரிசையில் நின்று அரசுக் கப்பலுக்கு எங்கள் காசில் டிக்கெட் எடுத்தோம். கட்டணம் குறைவு, நல்ல கப்பல்தான், இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக். ஆனால் மதியக் கப்பல். அந்தமானில் ஏப்ரலில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது, ராதாநகர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

நார்த் பே பழைய இருபது ரூபாய் நோட்டில் இருக்கிற காட்சி, பார்க்க அழகான இடம். அங்கே "எல்லாம் சேர்த்து" என்றது வெறும் கண்ணாடிப் படகு ஒரு சுற்று மட்டும். கடலுக்கடியில் நடப்பது, ஸ்கூபா, போட்டோ, வீடியோ எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு, வேண்டாம் என்றால் திரும்பும் படகு வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்து ராஸ் தீவுக்கு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) இதனால் அவசர அவசரமாகத்தான் போக முடிந்தது, மரவேர்கள் விழுங்கிய பழைய பிரிட்டிஷ் கட்டடங்களையும் மான்களையும் பார்க்க அந்த நேரம் போதாது. செல்லுலார் ஜெயில் ஒன்றுதான் நிம்மதி, கவுண்டரில் நாங்களே டிக்கெட் எடுத்துப் போனோம். சிறையின் ஏழு கட்டடச் சிறகுகளில் மூன்றுதான் மிச்சம் இருக்கிறது, அதற்கே அரைநாள் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாராடாங் தீவுக்குப் போகிற சாலை ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காட்டு வழியாகப் போகிறது. அந்தப் பயணத்தை விற்கும்போது "வழியில் ஜாரவா ஆட்களைப் பார்க்கலாம்" என்று அந்த சென்னை ஆள் ஆசை காட்டினார். ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து போலீஸ் பாதுகாப்போடு வரிசையாகத்தான் வண்டிகளை விடுகிறார்கள், காட்டுக்குள் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது, மீறினால் வழக்கு. மனிதர்களை மிருகக்காட்சிசாலை போல விற்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: வவுச்சரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கப்பல் டிக்கெட் நம் பெயரோடு பி.என்.ஆர். எண்ணோடு வர வேண்டும், ஹோட்டலுக்கு நாமே போன் செய்து நம் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இந்த இரண்டும் ஆகும்வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். "சீசன் சார், ரேட் ஏறிடும்" என்று அவசரப்படுத்தினால் வேறு ஆளைப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்தேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அரசுக் கப்பல் டிக்கெட், லாட்ஜ் பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. புகார் போன பிறகுதான் அந்த சென்னை ஆளின் போன் உயிர்பெற்றது. பணத்துக்குப் பதில் அடுத்த வருடம் கோவா பேக்கேஜில் கழித்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். பணமாகத்தான் வேண்டும் என்று பதில் போட்டுவிட்டேன்.