விமானத் தொட்டில்: கைக்குழந்தையோடு சிங்கப்பூர்

டிக்கெட் போடும்போதே தொட்டில் கேளுங்கள். முன்வரிசை இருக்கைக்கு எதிரே உள்ள சுவரில் கொளுவித் தருவார்கள். சிலதுதான் இருக்கும், நிறைக் கட்டுப்பாடும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரை இரவிரவாக என் மடியிலேயே கிடந்த மகள், பாவம், தொட்டிலுக்குள் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கினாள். எனக்கும் சாப்பிடக் கை கிடைத்தது. ஒரு குறை: விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக் குழந்தைப் பெல்ட் போட வேண்டும். பாதுகாப்புக்குத்தான், சரி; ஆனால் அவள் எழும்பி வீரிட்டு அழுதாள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள், காது அடைப்புக் குறையும். முன்வரிசையில் அந்த நேரங்களில் காலடியில் பை வைக்க முடியாது. அதனால் பாம்பர்ஸ், மாற்றுச் சட்டையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அடுத்த பயணத்திலும் இந்த இருக்கையைத்தான் கேட்பேன்.