வகுப்பா, பேட்டரி பொம்மையா, பாட்டியின் உள்ளங்கையா?

பிள்ளைக்கு ஐந்தாறு மாதம் ஆனதும் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். "சனிக்கிழமை குழந்தை விளையாட்டு வகுப்புல சேர்த்துட்டியா?" என்பாள் அலுவலகத் தோழி. பார்க்க வரும் சித்தப்பா, பட்டனைத் தட்டினால் ஆங்கில எழுத்துகளைப் பாடும் பொம்மையோடு வந்து நிற்பார். "மடியில போட்டு நாலு வார்த்தை பேசு, போதும்" என்பார் மாமியார். மூவருக்கும் பிள்ளைமேல் அக்கறைதான். ஆனால் சிங்கப்பூரில் 16 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து, பகல் முழுக்கப் பிள்ளை சிசுப் பராமரிப்பு நிலையத்திலோ பணிப்பெண்ணிடமோ இருக்கும் வீட்டில், பெற்றோருக்கு மிஞ்சுவது மாலையில் ஓரிரு மணி நேரமும் வார இறுதியும்தான். அந்த நேரத்தை எதில் போடுவது?

ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளை விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். பிள்ளை "ங்கா" என்றால் யாராவது அதன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்களா? அதற்கு அது மறுபடி ஏதாவது சொல்லும்வரை காத்திருக்கிறார்களா?

இப்படிப் பார்த்தால் முதலில் தோற்பது பேட்டரி பொம்மை. 2016ல் அமெரிக்காவில் அன்னா சோசா என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 10 முதல் 16 மாதம் வரையுள்ள பிள்ளைகளும் பெற்றோருமாக 26 இணைகள், அவரவர் வீட்டிலேயே விளையாடியதைப் பதிவு செய்தார். மின் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், பிள்ளைக்குப் பதில் சொல்வதும் குறைந்தது. புத்தகம் இருந்தபோது பேச்சு அதிகம். பொம்மையே பேசிக்கொண்டிருந்தால் அம்மா எங்கே பேசுவது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொம்மைக்குள் வட்டமான சின்ன பட்டன் பேட்டரி இருந்தால், மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

வகுப்பை அவ்வளவு எளிதில் தள்ள மாட்டேன். மெத்தை விரித்த பெரிய அறை, தவழ இடம், சுற்றிலும் மற்ற பிள்ளைகள். நாலு சுவருக்குள் தனியாகக் கிடந்து தவிக்கும் அம்மாவுக்கு அங்கே கிடைக்கும் துணை பெரிய விஷயம். அதற்காகவே போகிறேன் என்று ஒருத்தி சொன்னால், தாராளமாகப் போ என்பேன். ஆனால் வாரத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரம்கூட இல்லாத வகுப்புக்குத் தவணைதோறும் நூற்றுக்கணக்கில் சிங்கப்பூர் வெள்ளி கட்டி, மூளை வளர்ச்சியை வாங்கிவிட்டோம் என்று நினைப்பதுதான் சரியில்லை. அங்கே கற்ற விளையாட்டை மற்ற ஆறு நாளும் வீட்டில் செய்தால்தான் அந்தப் பணத்துக்குப் பலன்.

சரி, மாமியார் கட்சிக்கு வருவோம். பருப்பு கடையும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உள்ளங்கையில் பாட்டி முழங்கையை வைத்துக் கடைகிறார். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அக்காவுக்கு என்று சோறு ஊட்டுகிறார். அப்புறம் இரண்டு விரல்கள் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மெல்ல ஏறி, கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுகின்றன. சில நாள் போனதும் பாருங்கள், நண்டு முழங்கையைத் தாண்டும்போதே பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நினைவாற்றல், எதிர்பார்ப்பு, தொடு உணர்வு, உறவுப் பெயர்கள் எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். அதிலும் கக்கத்துக்குச் சற்று முன்னால் பாட்டி நிறுத்துகிறாரே, அந்த இடைவெளி முக்கியம். "ம்ம்" என்று பிள்ளை கேட்கும்வரை விரல் நகராது.

நம் பிள்ளைத்தமிழ் மரபும் இந்தப் பருவங்களைக் கூர்ந்து கவனித்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் பிள்ளை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் கைகொட்டும். இன்று உலகச் சுகாதார நிறுவனம், இன்னும் நகரத் தொடங்காத பிள்ளையை விழித்திருக்கும்போது நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைக்கச் சொல்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் பாயை விரித்து, எதிரே நீங்களும் குப்புறப் படுத்தால் முடிந்தது. இதற்குப் போட்டியாகச் சக்கர நடைவண்டியை வாங்கி வைக்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. அடுப்படிக்கும் படிக்கட்டுக்கும் பிள்ளையை வேகமாகக் கொண்டுபோய்விடும். கனடா 2004லேயே அதைத் தடைசெய்துவிட்டது.

வீட்டு விளையாட்டின் பெரிய வசதி, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது காலுக்கும் கைக்கும் பெயர் சொல்லலாம். துணி மடிக்கும்போது அப்பாவின் சட்டைக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்துத் தரையில் உட்கார வைத்தால் நீங்கள் சமைத்து முடிக்கும்வரை தட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு தட்டுத் தட்டினால் நீங்களும் ஒரு தட்டுத் தட்டுங்கள். மின்தூக்கியில் மாடி எண்ணைச் சொல்லிக்கொண்டே இறங்குங்கள்.

தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழியே இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். 2003ல் பட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சீனத்தைக் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது பிள்ளைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைக் காணொளியில் காட்டியபோது கற்கவில்லை. அப்படியென்றால் 'ழ'வும் 'ற'வும் வீட்டில் ஒருவர் வாயிலிருந்து நேராக வர வேண்டும். இங்கே சுகாதார அமைச்சும் 18 மாதத்துக்குள் திரை வேண்டாம் என்கிறது, உரையாடும் காணொளி அழைப்பைத் தவிர. தஞ்சாவூர்ப் பாட்டியோடு பேச அந்த விலக்கு போதும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "பாட்டி எங்கே?" என்று கூடவே பேசினால் இன்னும் நல்லது.

வீட்டுக்கும் குறை உண்டு. அப்பா கைப்பேசியில் மூழ்கி, பின்னால் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தால், அந்த வீட்டைவிட நல்ல பராமரிப்பு நிலையமே மேல். எனக்கு இதில் சந்தேகமில்லை. வாரம் ஒருநாள் வெளியே போகத்தான் வேண்டும் என்றால் வகுப்புக்கு முன் நூலகத்தைப் பாருங்கள். விக்டோரியா ஸ்திரீட் மத்திய நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, காசு வேண்டாம். தடித்த அட்டைப் புத்தகத்தைப் பிள்ளை கடித்தால் கடிக்கட்டும், உங்கள் சொந்தப் பிரதியாக மட்டும் இருக்கட்டும்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிப் பட்டியலை நிரப்பிவாருங்கள். ஒரு வயது நெருங்கியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலை ஒலி எதுவும் இல்லை, எதையும் சுட்டிக்காட்டவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் விளையாடிப் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள். தேவைப்பட்டால் கேகே மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அவர்களே அனுப்பி வைப்பார்கள்.