ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் ஒரே பெட்டியில் வேண்டுமா? வீட்டு விமான சிமுலேட்டருக்கு ஓர் ஒப்பீடு

விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கையும் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலையும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்பதை ஹோட்டாஸ் என்கிறார்கள். பார்க்க வசதிதான். ஆனால் அந்தப் பெட்டியில் ஒன்று நன்றாக அமைந்தால் மற்றது சுமாராக இருப்பதே வழக்கம். ஜாய்ஸ்டிக்கில் பார்க்க வேண்டியது வேறு, த்ராட்டிலில் பார்க்க வேண்டியது வேறு. ஆகவே இங்கே இரண்டையும் பிரித்தே அலசுவோம். யூ.எஸ்.பி.யில் தனித்தனியாகச் செருகும் கருவிகளை போர் விமானங்களுக்கான டி.சி.எஸ்., எக்ஸ்-ப்ளேன், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆகிய மூன்று மென்பொருள்களுமே ஏற்கும். ஒரே கம்பெனியாக இருக்க வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை.

சென்சாரைவிட கிம்பல் முக்கியம்

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது சென்சாரின் துல்லியம்தான். 10 பிட் என்றால் 1,024 படிகள், 14 பிட் என்றால் 16,384, 16 பிட் என்றால் 65,536. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டிக் நடுவில் ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென விடுபட்டு நகர்ந்தால் 65,536 படி இருந்து என்ன பயன்? கை தர நினைத்தது ஒரு மில்லிமீட்டர், ஸ்டிக் தந்தது மூன்று.

டேங்கர் விமானத்தின் பின்னால் நின்று எரிபொருள் வாங்கும்போதும், ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்தும்போதும் இது பளிச்சென்று தெரியும். அங்கே ஸ்டிக்கின் வேலை முழுவதும் நடுப்புள்ளியைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள்தான். அந்த வட்டத்தில் வழுக்கலாக நகர்கிறதா என்பதே ஜாய்ஸ்டிக்கின் தரம். அதைத் தீர்மானிப்பது கிம்பல், அதாவது ஸ்டிக்கைத் தாங்கும் மூட்டும் ஸ்பிரிங்குகளும்.

சென்சாரில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உரசும் வகையா, உரசாத வகையா. பொட்டென்ஷியோமீட்டரில் கார்பன் தடத்தின் மேல் ஒரு முள் தேய்ந்தபடி ஓடும். தடம் தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ எண்கள் துள்ளும். ஹால் சென்சாரும் மேக்னெட்டோ-ரெசிஸ்டிவ் சென்சாரும் காந்தப்புலத்தை மட்டுமே அளப்பதால் அவற்றில் தேய்மானம் இல்லை.

ஸ்டிக்குகள்

த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் விலை குறைவானது. முன்பின், இடவல அச்சுகளில் ஹால் சென்சார், இடக்கை வலக்கை இரண்டுக்கும் பொருந்தும் பிடி. எளிய ஒற்றை ஸ்பிரிங் என்பதால் நடுவில் லேசான தடுமாற்றம் உண்டு, ஆனால் சகிக்கக்கூடியது. இதன் பலவீனம் முறுக்கு அச்சு: ஸ்டிக்கைத் திருகி ரடரை (மூக்கை இடவலம் திருப்பும் வால் பலகை) இயக்கும் அந்த அச்சில் மட்டும் பொட்டென்ஷியோமீட்டர்தான். முதலில் கெடுவது பெரும்பாலும் அதுவே. தரையில் ஓடும்போது விமானம் தானாக ஒரு பக்கம் இழுத்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தற்காலிக மருந்து 5 முதல் 8 சதவீத டெட்சோன், அதாவது நடுவில் அசைவைக் கணக்கில் கொள்ளாத பகுதி. பிறகு பிரித்து காண்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். வீட்டில் கிடக்கும் துருநீக்கி ஸ்ப்ரே வேண்டாம். உள்ளிருக்கும் மசகைக் கழுவிவிடும்.

லாஜிடெக் எக்ஸ்52, எக்ஸ்56 இரண்டும் பழைய சைடெக் பரம்பரை; 2016இல் லாஜிடெக் அந்தப் பிரிவை வாங்கியது. எக்ஸ்52-இல் ஸ்பிரிங் ஒரு வட்டத் தட்டை அழுத்தும் அமைப்பு. நடுவை விட்டு நகரும்போது ஒரு சிறு படி ஏறுவதுபோல் கைக்குத் தெரியும். சிவில் விமானத்துக்கு ஒப்பேறும், ஹெலிகாப்டருக்கு வேண்டாம். எக்ஸ்56-இல் நிறம் குறித்த நான்கு ஸ்பிரிங்குகளை மாற்றிப் போடலாம், பட்டன்களும் ஏராளம். ஆனால் இதன் பேர்போன நோய், யாரும் தொடாமலே பட்டன்கள் அழுந்துவது. பெரும்பாலும் யூ.எஸ்.பி. மின்சாரம் போதாததே காரணம். தனி அடாப்டர் உள்ள ஹப்பில் செருகினால் பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. அந்த ஹப்பின் விலையையும் சேர்த்துத்தான் எக்ஸ்56-ஐ மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும்.

வி.கே.பி. கிளாடியேட்டர் என்.எக்ஸ்.டி. ஈவோ இந்த நடுத்தர விலைக்குத் தரும் நடுப்புள்ளி, வெளித்தோற்றம் பிளாஸ்டிக்காக இருந்தாலும், மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டியது. முறுக்கு அச்சு உட்பட எல்லாமே உரசாத சென்சார். ரடரைக் காலால் இயக்கும் பெடல் வாங்கியபின் முறுக்கைப் பூட்டிவிடலாம். முன்பின் அச்சுக்கும் இடவல அச்சுக்கும் தனித்தனி உராய்வுத் திருகு உண்டு. ஹெலிகாப்டர் ஓட்டுபவர் உராய்வைக் கூட்டி ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் ஸ்டிக் விட்ட இடத்தில் ஏறக்குறைய நிற்கும். குறைகளும் உண்டு. பேஸ், அதாவது அடிப்பாகம், எடை குறைவு. கடினமான ஸ்பிரிங் போட்டு வேகமாக இழுத்தால் மேசையை விட்டு எழும், கிளாம்ப் அவசியம். அதன் அமைப்பு மென்பொருள் முதல் நாள் எவரையும் மிரட்டும். ஆனால் செருகியவுடன் சாதாரண ஜாய்ஸ்டிக்காக வேலை செய்துவிடும் என்பதால் அந்தப் பக்கமே போகாமலும் இருக்கலாம்.

த்ரஸ்ட்மாஸ்டர் வார்தாக் 2010இல் ஏ-10சி விமானத்தின் பிடியை அச்சாகப் பிரதி எடுத்து வந்தது. உலோகப் பிடியும் பட்டன்களின் அழுத்தமும் இன்றும் அருமை. பிரச்சினை கீழே. ஐந்து ஸ்பிரிங்குகளும் பிளாஸ்டிக் பந்து மூட்டும் சேர்ந்த அந்த கிம்பல் கிரீஸ் காய்ந்ததும் ஒட்ட ஆரம்பிக்கும். பிரித்துப் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற புது கிரீஸை மெல்லியதாகப் பூசினால் கொஞ்ச காலம் தேறும். முறுக்கு அச்சு கிடையாது. பெடல் இல்லாமல் வாங்கினால் ரடரே இருக்காது. வார்தாக் பிடியை மட்டும் வைத்துக்கொண்டு பேஸை வேறு கம்பெனிக்கு மாற்றுபவர்கள் அதிகம். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் ஆரம்பத்திலேயே நல்ல பேஸ் வாங்குவது லாபம்.

ஸ்டிக்கைத் தரைக்கு அருகே, கால்களுக்கு நடுவே பொருத்தி நீட்டிப்புக் குழாய் போடும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு. குழாய் நீண்டால் அதே கோணத்துக்குக் கை நகரும் தூரம் கூடும், துல்லியமும் கூடும். நெம்புகோல் நீள்வதால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் குறைந்து தெரியும். பிடியின் எடை ஸ்டிக்கைச் சாய்க்கப் பார்க்கும். ஆகவே குழாயோடு கடினமான ஸ்பிரிங்கும் வேண்டும். ஸ்பிரிங் மாற்ற முடியாத பேஸில் குழாய் போடுவது வீண்.

த்ராட்டில்கள்: எத்தனை லீவர், எங்கே பள்ளம்?

த்ராட்டிலுக்கு ஸ்பிரிங் இல்லை, நடுப்புள்ளியும் இல்லை. இங்கே கேள்விகள் மூன்று. உங்கள் விமானத்துக்கு எத்தனை லீவர் தேவை? லீவர் சிக்கி நிற்கும் டிடென்ட் எனும் தடைப்பள்ளம் சரியான இடங்களில் இருக்கிறதா? லீவர் சீராக நகர்கிறதா?

டி.16000எம் செட்டோடு வரும் டி.டபிள்யூ.சி.எஸ். த்ராட்டில் தண்டவாளத்தில் சறுக்கும் வகை. ஒற்றை லீவர், கைக்குப் பழகினால் நல்ல பட்டன் அமைப்பு, முன்பக்கத்தில் விரல்களால் ரடர் இயக்கும் துடுப்பும் உண்டு. மேலே சொன்ன முறுக்கு அச்சு கெட்டால் இந்தத் துடுப்பு காப்பாற்றும். ஆனால் தண்டவாளத்தில் தொழிற்சாலை பூசிய கிரீஸ் ஒட்டும் ரகம். லீவர் நகர மறுத்து, அழுத்தியதும் துள்ளும். கூட்டுப் பறத்தலில் வேகத்தை 2 நாட் மாற்றப் போய் 10 நாட் மாறும். அடிப்பக்க மூடியைக் கழற்றி அந்த கிரீஸை ஒற்றி எடுத்துவிட்டு சிலிகான் கிரீஸை மிகக் குறைவாகப் பூசுவதே பழக்கமான வைத்தியம்.

வார்தாக்கின் த்ராட்டில் அதன் ஸ்டிக்கைவிட நீண்ட காலம் உழைக்கும். இரட்டை லீவர், ஹால் சென்சார், பக்கவாட்டில் உராய்வுச் சக்கரம். பெட்டியில் வரும் சிறு பிளாஸ்டிக் துண்டை மாற்றிப் பொருத்தினால் ஆஃப்டர்பர்னருக்கான (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) தடை கிடைக்கும். கட்டைவிரலுக்கான சின்ன ஸ்டிக் மட்டும் மட்டமானது. இலக்குக் குறியை நகர்த்தும்போது எரிச்சலூட்டும். ஏ-10 ஓட்டுபவருக்கு இது பொருத்தம், ஆனால் அந்த விமானத்துக்கு ஆஃப்டர்பர்னரே கிடையாது! எஃப்/ஏ-18 ஓட்டுபவர் வின்விங் ஓரியன் 2-ஐப் பார்க்கலாம். எஃப்/ஏ-18, எஃப்-15இஎக்ஸ் பிடிகளைத் தனித்தனியே பொருத்தலாம்.

பயணிகள் விமானத்தில் கதை வேறு. ஏர்பஸ் ஏ320-இல் த்ராட்டில் லீவர் பெரும்பாலான நேரம் ஓர் இடத்தில் அசையாமல் கிடக்கும். புறப்பட்டபின் மேலேறுவதற்கான சி.எல். பள்ளத்துக்கு இழுத்தால், இறங்கும் கடைசி நொடிகளில்தான் மறுபடி தொடுவார்கள். தானியங்கி உந்துவிசை மாறினாலும் லீவர் நகராது. வீட்டுக் கருவியிலும் லீவர் நகராது. எனவே இங்கே நிஜமும் போலியும் ஒத்துப்போகின்றன. த்ரஸ்ட்மாஸ்டர் டி.சி.ஏ. குவாட்ரன்ட்டில் டோகா (முழு விசை), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), சி.எல்., ஐடில் (குறைந்தபட்ச விசை) எல்லாமே பள்ளங்களாக இருக்கின்றன. தரையில் வேகம் குறைக்கும் எதிர்விசையான ரிவர்ஸுக்குத் தனியே தூக்கி இழுக்க வேண்டும். விலையைப் பார்த்தால் ஏ320 ஓட்டுபவருக்கு வேறெதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

போயிங் 737-இல் ஆட்டோத்ராட்டில் வேலை செய்யும்போது லீவர்கள் தாமாக முன்னும் பின்னும் போகும். மோட்டார் இல்லாத வீட்டு லீவர் அப்படியே கிடக்கும். ஆட்டோத்ராட்டிலை அணைத்த கணத்தில் இன்ஜினின் விசை, கையில் உள்ள லீவரின் நிலைக்குத் தாவும். இறங்கும்போது இது ஆபத்து. அணைப்பதற்கு முன் திரையில் உள்ள லீவரின் நிலைக்குக் கையில் உள்ளதைக் கொண்டுவந்துவிட்டு அணைப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

ஹனிகோம்ப் பிராவோ பலதரப்பட்டவர்களுக்கு. ஆறு லீவர், தலைகளை மாற்றினால் நான்கு இன்ஜின் விமானமும் ஆகும், த்ராட்டில்-ப்ராப்-மிக்ஸ்சர் (விசை, ப்ரொப்பெல்லர், எரிபொருள் கலவை) வரிசை கொண்ட சிறு விமானமும் ஆகும். மூக்கின் நிலையை நுணுக்கமாகச் சரிசெய்யும் ட்ரிம் சக்கரம், தரைச் சக்கரங்களை ஏற்றி இறக்கும் லீவர், ஆட்டோபைலட் பலகை எல்லாம் கூடவே. இன்று செஸ்னா, நாளை 737 என்று மாறி மாறி ஓட்டுபவருக்கு டி.சி.ஏ.வைவிட இதுவே சரி. ஆனால் ஏர்பஸ் பள்ளங்கள் இதில் இல்லை. ஐடிலுக்குக் கீழே லீவரை இழுத்தால் அது அச்சாக இல்லாமல் பட்டன் அழுத்தமாகப் பதிவாகும். அதற்கு ரிவர்ஸைத் தனியாக ஒதுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

யோக்கா, ஸ்டிக்கா?

செஸ்னா 172, பைப்பர், 737 என்றால் யோக், அதாவது கார் ஸ்டீரிங் போல் கையால் திருப்பும் பிடி. ஏர்பஸ், டயமண்ட் டி.ஏ.40, போர் விமானம், ஹெலிகாப்டர் என்றால் ஸ்டிக். இரண்டும் கலந்து ஓட்டுபவர் ஸ்டிக்கே வாங்கட்டும்: யோக்கில் எஃப்-16 ஓட்ட முடியாது, ஸ்டிக்கில் செஸ்னா ஓட்டலாம். யோக்குகளுக்குள் வித்தியாசம் திருப்பும் கோணத்தில். ஹனிகோம்ப் ஆல்ஃபா மொத்தம் 180 பாகை சுற்றும், லாஜிடெக் யோக் 90 பாகைதான். பாதிக் கோணத்தில் முழு எய்லரானும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) அடங்கிவிடுவதால் லாஜிடெக்கில் கை நடுங்கினாலும் இறக்கை ஆடும்.

ரடர் பெடல் பற்றிச் சுருக்கமாக: ஹெலிகாப்டருக்கும், பின்சக்கரம் கொண்ட பழைய போர் விமானங்களுக்கும் கட்டாயம், ஜெட்டுக்கும் ஏ320-க்கும் முறுக்கு அச்சு போதும். பட்ஜெட் இடித்தால் த்ராட்டிலை மலிவாக்கிப் பெடலுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

செருகியபின் செய்ய வேண்டியவை

விண்டோஸில் "யூ.எஸ்.பி. கேம் கன்ட்ரோலர்ஸ்" சோதனைத் திரையைத் திறந்து ஸ்டிக்கை முடிந்த அளவு மெதுவாக நடுவிலிருந்து நகர்த்துங்கள். குறி கையோடு சேர்ந்து கிளம்ப வேண்டும். தாமதித்துத் தாவினால் ஒட்டல். நான்கு பக்கமிருந்தும் மெல்லக் கொண்டுவந்து விட்டால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். த்ராட்டிலைப் பாதியில் வைத்துக் கையை எடுங்கள். குறி நடுங்கினால் பொட்டென்ஷியோமீட்டரில் குறை. திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியுமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.

டி.சி.எஸ். ஒவ்வொரு புதுக் கருவிக்கும் தானாகவே அச்சுகளை ஒதுக்கிவிடும். த்ராட்டிலில் உள்ள சின்ன ஸ்டிக்கும் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் அச்சில் போய் உட்காரும். "ஸ்டிக் நடுங்குகிறது" என்ற புகார்களில் பல இதுதான். அச்சுப் பட்டியலில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு கருவியை விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள். ஏ320-க்கு டி.சி.ஏ. வைத்திருந்தால் ஃப்ளைபைவயர் குழு உருவாக்கிய ஏ320-இன் ஃப்ளைபேடில் (விமான அறைக்குள் உள்ள டேப்லெட்) த்ராட்டில் அளவமைப்புப் பக்கம் உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் லீவரை வைத்துப் பதிய வேண்டும். விட்டால் கை சி.எல்.-இல் இருக்கும், விமானம் வேறெங்கோ இருப்பதாக நினைக்கும்.

கை அசைவுக்கு விமானம் எவ்வளவு பதில் தர வேண்டும் என்பதை மாற்றும் வளைவு அமைப்பைக் கூட்டி நடுப்பகுதியை மந்தமாக்குவது ஒட்டுகிற ஸ்டிக்குக்கு மருந்தாகாது. நடுவில் மந்தமானால் ஓரங்களில் அதே அளவு செங்குத்தாகும். 15 வரை வைக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு கருவியில் இருக்கிறது.

இன்னொன்று, டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ஹப்புகளின் மின்சேமிப்பு டிக்கை எடுத்துவிடுங்கள். நீண்ட பயணத்தில் தொடாமல் கிடக்கும் த்ராட்டிலை விண்டோஸ் தூங்கவைத்துவிடும். எந்தக் கருவி எந்தத் துளையில் என்று சிறு சீட்டு ஒட்டிவையுங்கள். துளை மாறினால் சில சிமுலேட்டர்களில் பட்டன் அமைப்பு முழுக்கத் தொலையும்.

பழைய வார்தாக் வாங்கப் போனால் பிடியைக் கழற்றி உள்ளே உள்ள ஐந்து பின் இணைப்பைப் பாருங்கள். மாட்டும்போது வளையத்தை மட்டும் திருக வேண்டும். பிடியைச் சேர்த்துத் திருகியவர்களிடம் பின்கள் வளைந்திருக்கும், பட்டன்களில் பாதி செத்திருக்கும்.