சபேரா, கொனோசேரா? நம் ‘ஐ’யைக் கேளுங்கள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே ஒரு சிக்கல் வரும். நாம் ‘தெரியும்’ என்று சொல்லும் இடத்தில் அவர்களிடம் சபேர், கொனோசேர் என்று இரண்டு வினைகள். தகவலுக்கு முதலாவது, ஆளுக்கும் இடத்துக்கும் இரண்டாவது என்பார்கள். சரிதான், ஆனால் பேச்சு வேகத்தில் அந்த விதி எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது நம் ‘ஐ’ உருபு.

‘விலாசம் தெரியும்’, ‘நீந்தத் தெரியும்’: இவற்றில் ‘ஐ’ இல்லை, இரண்டும் சபேர். நீந்தத் தெரியும் என்பது ‘சே நதார்’. ‘எப்படி’ என்றொரு சொல் நமக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். தெரியாது என்றால் ‘நோ சே’. இதை வீட்டில் சத்தமாகப் பயிற்சி செய்தேன். யாருடன் கோபம் என்று அம்மா கேட்டார்.

‘உன் அண்ணனைத் தெரியும்’ என்றால் ‘ஐ’ வந்துவிட்டது, ஆகவே கொனோசேர்: ‘கொனோஸ்கோ ஆ து எர்மானோ’. நடுவில் நிற்கும் ‘ஆ’ நம் ‘ஐ’க்கு உறவு போலத்தான் நடந்துகொள்கிறது. ‘கடிதம் பார்த்தேன்’ எனலாம், ‘அண்ணன் பார்த்தேன்’ எனலாமா? ஆள் என்றால் நமக்கு ‘ஐ’ வேண்டும், அவர்களுக்கு ‘ஆ’ வேண்டும்.

இடத்தின் பெயரில் இந்தச் சூத்திரம் சறுக்கும். “நெடுந்தீவு தெரியுமோ?” “ஓம், தெரியும்.” குறிகாட்டுவானில் படகேற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தவரும் இப்படித்தான் சொல்வார், பத்துத் தடவை போய் வந்தவரும் இப்படித்தான் சொல்வார். ஸ்பானிஷில் தப்ப முடியாது. எங்கே என்று தெரிந்தால் சபேர், போய்ப் பார்த்திருந்தால்தான் கொனோசேர். இந்த இடத்தில் அவர்கள் நம்மைவிடத் துல்லியம்.

தேவாரத்திலும் அப்படித்தான். ஒரு பதிகம் கோயிலில் கேட்டுப் பழக்கம் என்றால் கொனோசேர், மனப்பாடம் என்றால் சபேர்.

இறந்தகாலத்தில் இரண்டும் கொஞ்சம் உருமாறும். ‘கொனோசி’ என்றால் முதன்முதலாகச் சந்தித்தேன். ‘சூபே’ என்றால் நம் ‘அறிஞ்சனான்’: ‘லோ சூபே அயேர்’, நேற்றுத்தான் அறிஞ்சனான்.

அப்புறம், சபேருக்கு ருசி என்ற பொருளும் உண்டு. அதன் லத்தீன் மூலமே ருசித்தலையும் குறித்த சொல். ஆகவே ஒடியல் கூழைக் குடித்துவிட்டு ஒரு ஸ்பானிஷ்காரர் ‘சாபே ஆ பெஸ்காதோ’ என்றால், கூழுக்கு மீனைத் தெரியுமாம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். மீன் ருசி தூக்கலாக இருக்கிறது என்கிறார்.